ஆசிரியருக்குக் கடிதம்: ‘பிறவி’ படமும் நம் கைதுச் செய்திகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஏப்ரல் 28-ஆம் நாள் மலையாள இயக்குநர் ஷாஜி என். கருண் திருவனந்தபுரத்தில் காலமானபோது தங்கள் நாளிதழில் வந்த அஞ்சலிக் குறிப்பில், அவர் இயக்கிய முதல் படமான ‘பிறவி’யைப் பற்றி, மகனின் வரவுக்காகக் காத்திருக்கும் முதிய தந்தையின் பாசத்தைச் சொல்லும் படம் என்று ஒரே ஒரு வரி இருந்தது. அதற்குச் சில வாரங்கள் கழித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில், பயங்கரவாதத்தைப் பேசும் மலையாளப் படங்களைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. உளவாளிகள், குண்டுகள், அதிரடிப்படை வீரர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். ‘பிறவி’ மட்டும் இல்லை. கட்டுரையாளர் அதை மறந்துவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. குண்டே வெடிக்காத படத்தை அந்த வரிசையில் சேர்க்க அவருக்குத் தோன்றியிருக்காது. ஆனால் பயங்கரவாதம் என்ற பெயரால் ஒரு சாதாரணக் குடும்பத்தின்மேல் சந்தேகம் விழுந்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதை இவ்வளவு நெருக்கமாகக் காட்டிய வேறொரு படத்தை நான் பார்த்ததில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். சற்று நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும். கோவை நீதிமன்றங்களில் எழுத்தராகச் சேர்ந்து, சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, ஓய்வுபெற்றவன் நான். எழுதத் தொடங்கினால் விவரங்களை விட்டுவிட்டுப் போக எனக்குப் பழக்கமில்லை.

படத்தின் கதை சிறியது. ராகவ சாக்கியார் என்ற முதியவருக்கு வயதான காலத்தில் பிறந்த ஒரே மகன், தொலைவில் உள்ள பொறியியல் கல்லூரியில் படிக்கிறான். அக்காவின் நிச்சயதார்த்தத்துக்கு வர வேண்டியவன் வரவில்லை. தந்தை ஒவ்வொரு நாளும் பேருந்து நிறுத்தத்துக்குப் போய்க் காத்திருந்துவிட்டு, மகன் இறங்கவில்லை என்று தெரிந்தபின் வீடு திரும்புகிறார். மழை பெய்துகொண்டே இருக்கிறது. மகனைப் போலீசார் பிடித்துக்கொண்டு போன விவரம் அந்தக் குடும்பத்துக்குச் செய்தித்தாளின் வழியாகத்தான் தெரியவருகிறது. தந்தை தலைநகருக்குப் போய் அமைச்சரைப் பார்க்கிறார்; அப்படி ஒருவனைத் தாங்கள் பிடிக்கவே இல்லை என்கிறது காவல்துறை. மகனின் நண்பர்கள் மூலமாக உண்மையை ஓரளவு அறிந்துகொண்ட மகளுக்கோ அதைத் தந்தையிடம் சொல்ல வாய் வரவில்லை. அவர் மறுநாளும் பேருந்து நிறுத்தத்துக்குப் போகிறார்.

தந்தையாக நடித்த பிரேம்ஜிக்கு அப்போது வயது எண்பது. 1988-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் என்று முக்கியமானவை பலவும் இந்தப் படத்துக்குக் கிடைத்தன. அடுத்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் இயக்குநர்களின் முதல் படங்களுக்கான விருதில் சிறப்புப் பாராட்டும் பெற்றது. மகளாக நடித்த அர்ச்சனா, ‘வீடு’ படத்தின் மூலம் நாம் நன்கறிந்தவர். தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் மாநில மொழிப் படங்கள் ஒளிபரப்பான காலத்தில் இந்தப் படத்தை என் மனைவியோடு அமர்ந்து பார்த்தேன். நம் படங்களில் சந்தேகத்துக்கு உள்ளானவரின் வீடு என்பது போலீசார் கதவை உதைத்துத் திறப்பதற்காக மட்டுமே இருக்கும் இடம். ‘பிறவி’யில் நாம் அந்த வீட்டுக்குள் குடியிருக்கிறோம். மகன் காவலில் என்ன பாடுபட்டான் என்பதை இயக்குநர் காட்டுவதில்லை. அந்த வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்த அளவுதான் நமக்கும் தெரிகிறது. எதுவுமே தெரியாமல் இருப்பதுதான் அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த தண்டனை என்பது படம் முடிந்து வெகுநேரம் கழித்து எனக்கு உறைத்தது.

இந்தக் கதை கற்பனையிலிருந்து மட்டும் பிறந்ததல்ல என்பதை இளைய வாசகர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976 பிப்ரவரி 28 அன்று, கோழிக்கோடு மாவட்டம் காயண்ணா காவல் நிலையத்தை நக்சலைட்டுகள் தாக்கினார்கள். மார்ச் 1-ஆம் தேதி காலையில், கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர் பி. ராஜன் போலீசாரால் பிடித்துச் செல்லப்பட்டார். கக்கயத்தில் அமைக்கப்பட்டிருந்த காவல் முகாமில் அவர் சித்திரவதைக்கு உள்ளாகி இறந்துபோனார். அந்த முகாமில் கையாண்ட முறைக்கு ‘உருட்டல்’ என்று பெயர்; உலக்கையைத் தொடையின்மேல் வைத்து அழுத்தி உருட்டுவார்கள். நமக்கும் மலையாளிகளுக்கும் பொதுவான சொல் அது, விளக்கம் தேவைப்படாத சொல். ராஜனின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

அவருடைய தந்தை டி.வி. ஈச்சர வாரியர், கோழிக்கோட்டில் இந்திப் பேராசிரியர். மகனைத் தேடி அவர் ஏறாத படியில்லை. நெருக்கடிநிலை விலக்கிக்கொள்ளப்பட்ட சில நாட்களிலேயே, 1977 மார்ச்சில், கேரள உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். ராஜன் காவலில் எடுக்கப்படவே இல்லை என்று அரசுத் தரப்பு பிரமாணப் பத்திரம் தந்தது. நீதிபதிகள் சுப்பிரமணியன் போற்றியும் காலிதும் அதை ஏற்கவில்லை. ராஜனை நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். நிறுத்துவதற்கு ராஜன் உயிரோடு இல்லை. நெருக்கடிநிலையின்போது உள்துறை அமைச்சராக இருந்து, அப்போதுதான் முதலமைச்சராகப் பதவியேற்றிருந்த கே. கருணாகரன், ஏறத்தாழ ஒரு மாதத்தில் பதவி விலக நேர்ந்தது. போலீஸ் அதிகாரிகள் மீதான குற்ற வழக்கின் விசாரணை கேரளத்துக்கு வெளியே, எங்கள் கோயம்புத்தூரில்தான் நடந்தது. நான் பணியில் சேர்ந்த புதிதில், அந்த வழக்குக் கட்டுகளைத் தூக்கிய மூத்த எழுத்தர்கள் அதைப் பற்றிக் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். கீழ்நீதிமன்றம் தந்த தண்டனையும் மேல்முறையீட்டில் நிலைக்கவில்லை.

படத்தில் மகள் தந்தையிடம் உண்மையைச் சொல்லவில்லை. வாழ்க்கையில் ஈச்சர வாரியர் தம் மனைவியிடம் சொல்லவில்லை. மனநலம் குன்றியிருந்த அந்த அம்மையார், மகன் எப்போது வருவான் என்று கேட்டுக்கொண்டே 2000-ஆம் ஆண்டில் இறந்துபோனார். மகன் என்றாவது வந்தால் தந்தை கதவைச் சாத்திவிட்டார் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, மழைச் சாரல் உள்ளே அடித்தாலும் கதவைச் சாத்துவதில்லை என்ற பொருளில் அவர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். 2006-இல் அவரும் காலமானார். படம் 1988-இல் எடுக்கப்பட்டது. அந்தப் புத்தகம் அதற்குப் பல ஆண்டுகள் கழித்து வந்தது. எது எதற்கு நிழல் என்று தெரியாத அளவுக்கு இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன.

இனி, இதைத் தங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்பதற்கு வருகிறேன். ராகவ சாக்கியாரின் குடும்பத்துக்கு விவரம் செய்தித்தாளில் வந்தது என்று மேலே குறிப்பிட்டேன். சந்தேகத்துக்கு ஆளானவரின் வீட்டுக்கும் ஊருக்கும் நடுவில் எப்போதும் ஒரு செய்தித்தாள் இருக்கிறது. போலீசார் சொன்னதை அந்த வீட்டுக்கும் ஊருக்கும் ஒரே காலையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதுதான். அப்படிச் சேர்க்கும்போது நம் தமிழில் ஒரு காரியம் நடக்கிறது. நாற்பது ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன், தாங்களும் கவனித்திருப்பீர்கள். முந்தின நாள் வரை ‘அவர் கடை நடத்தி வந்தார்’, ‘அவர் கல்லூரியில் படித்தார்’ என்று எழுதத்தக்கவராக இருந்த மனிதர், கைதான மறுநாள் ‘சிக்கினான்’, ‘பதுங்கியிருந்தான்’, ‘ஒப்புக்கொண்டான்’ என்று ஆகிவிடுகிறார். ‘ர்’ போய் ‘ன்’ வந்துவிடுகிறது. வினைமுற்றின் விகுதியிலேயே தீர்ப்பு எழுதிவிடும் வசதி நம் மொழியில் இருக்கிறது, நம் செய்தித்தாள்கள் அதை யோசிக்காமல் பயன்படுத்திக்கொள்கின்றன. முதல் நாள் தலைப்பில் இருக்கும் ‘சந்தேகத்தின்பேரில்’ இரண்டாம் நாள் உதிர்ந்துவிடுகிறது. மூன்றாம் நாள் ‘விசாரணையில் திடுக்கிடும் தகவல்கள்’ வந்துவிடுகின்றன. குற்றவாளி அல்ல என்று நீதிமன்றம் சொன்ன பிறகு, போன ‘ர்’ திரும்பி வந்து நான் பார்த்தது அரிது. ஏனென்றால் அந்தச் செய்தியே பெரும்பாலும் வருவதில்லை.

நீதிமன்றத் தமிழும் இதில் குறைந்ததல்ல என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். குற்ற வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரை ‘எதிரி’ என்றுதான் எங்கள் ஏடுகளில் எழுதுவோம். முதலாம் எதிரி, இரண்டாம் எதிரி என்று வரிசையாக எழுதி எழுதி, அது ஒரு மனிதரைக் குறிக்கும் சொல் என்பதே கை மறந்துவிடும். விடுதலைத் தீர்ப்பிலும் ‘சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து’ என்றுதான் எழுதுவோம். விடுதலையாகி வெளியே போகும்போதும் அவர் எதிரியாகவேதான் போகிறார்.

நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். 1998 பிப்ரவரி 14-ஆம் நாள் கோயம்புத்தூரில் தொடர் குண்டுகள் வெடித்தபோது நான் இந்த ஊரில்தான் இருந்தேன். 58 பேர் இறந்தார்கள், இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் ஒருவர் என் உடன் பணியாற்றியவரின் உறவினர். அந்த வீட்டுக்கு நான் போனேன், அந்த அழுகையைக் கேட்டேன். எனவே பயங்கரவாதத்தின் கொடுமையைக் குறைத்துப் பேசுகிறவனாக என்னை யாரும் எண்ண வேண்டாம். அதற்கு முந்தைய நவம்பரில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதையும், தொடர்ந்த கலவரத்தில் பதினெட்டு முஸ்லிம்கள் உயிரிழந்ததையும் சேர்த்தே இந்த ஊர் சுமந்துகொண்டிருக்கிறது.

குண்டு வெடித்த சில நாட்களுக்குள், எங்கள் தெருமுனையில் தையல் கடை வைத்திருந்த ஒருவரை இரவில் வந்து விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். அவரிடம்தான் என் பிள்ளைகளின் பள்ளிச் சீருடைகளை ஆண்டுதோறும் தைக்கக் கொடுப்பேன். இரண்டு நாள் கழித்து ஒரு நாளிதழில், பிடிபட்டவர்கள் என்று வந்த பெயர்களில் அவர் பெயர் நான்காவதாக இருந்தது. தெருவின் பெயரும் இருந்தது. பதினொரு நாள் கழித்து, அவருக்கும் வழக்குக்கும் தொடர்பில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அந்தப் பதினொரு நாளில் அவருடைய மனைவி கடையைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, தைக்கக் கொடுத்திருந்த துணிகளைத் திருப்பிக் கேட்டு வந்தவர்களுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். யாரும் சண்டை போடவில்லை, யாரும் எதுவும் சொல்லவில்லை. அவசரமாக வேண்டியிருக்கிறது என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார்கள்.

அவர் திரும்பி வந்த மறுநாள் நான் போனேன். என்னைப் பார்த்ததும், நான் வாய் திறப்பதற்கு முன்பே, “சார், உங்க துணியை இன்னும் வெட்டாமத்தான் வெச்சிருக்கறேனுங்க, எடுத்துக்கறீங்களா?” என்று கேட்டார். கால்சட்டைக்கென்று நான் கொடுத்த துணி மடித்தபடியே இருந்தது. நான் அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். தைத்துக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை எவரும் நிரபராதி என்ற விதியைத் தினமும் ஏடுகளில் எழுதிக்கொண்டிருந்தவன் நான். இருபத்தேழு ஆண்டுகளாக அந்தத் துணி என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது.

பல ஆண்டுகளுக்குப் பின், என் பேரனுக்குச் சட்டை தைக்கப் போனபோது, பழைய அளவைப் பார்ப்பதற்காக அவர் தம் அளவு நோட்டைப் புரட்டினார். அட்டைக்கு உள்பக்கம், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு செய்தித்தாள் துண்டு. அதே செய்தி. அதை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். தம்மைப் பற்றிச் செய்தித்தாளில் வந்தது அது ஒன்றுதான் என்றார். அவர்மேல் வழக்கே இல்லாததால் விடுதலையும் இல்லை. விடுதலை இல்லாததால் செய்தியும் இல்லை.

கேரளத்தில் இதே பாதையைப் பிறகும் பலர் நடந்திருக்கிறார்கள். பயங்கரவாத வழக்கு இல்லையென்றாலும், விண்வெளி விஞ்ஞானி நம்பி நாராயணன் மீதான உளவு வழக்கை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. அவர் நாகர்கோவில்காரர் என்பதால் மட்டுமல்ல, அந்த வழக்கைப் பெரிதாக்கியதில் செய்தித்தாள்களுக்கு இருந்த பங்கினாலும்தான். 1994 நவம்பர் 30-ஆம் நாள் அவர் கைதானார். கிரையோஜெனிக் ராக்கெட் தொழில்நுட்பத்தை விற்றதாகக் குற்றச்சாட்டு. அந்தத் தொழில்நுட்பம் அப்போது நம்மிடம் இருக்கவே இல்லை. மாலத்தீவுப் பெண்களைச் சேர்த்துப் பல வாரங்களுக்குத் தொடர்கதைபோல் எழுதினார்கள். 1996-இல் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்கு பொய்யென்று அறிக்கை தந்தது. உச்சநீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது 2018 செப்டம்பரில். கைதுக்கும் இழப்பீட்டுக்கும் இடையே இருபத்து நான்கு ஆண்டுகள். அவர் பெரிய விஞ்ஞானி, வழக்காடத் தெரிந்தவர், தெம்புள்ளவர். அவருக்கே இத்தனை காலம் ஆனது.

தங்கள் தொழிலைச் சேர்ந்த ஒருவரையும் நினைவூட்டுகிறேன். மலையாளப் பத்திரிகையாளர் சித்திக் காப்பன் 2020 அக்டோபர் 5 அன்று ஹாத்ரஸுக்குச் செய்தி சேகரிக்கப் போகும் வழியில் உத்தரப்பிரதேசப் போலீசாரால் கைது செய்யப்பட்டு, சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் கீழ் சிறையில் அடைக்கப்பட்டார். ஜாமீனில் வெளியே வர 2023 பிப்ரவரி ஆனது. அந்தச் சட்டத்தின் 43-டி பிரிவு எப்படி வேலை செய்கிறது என்பதை வாசகர்களுக்குத் தங்கள் நாளிதழ் ஒருமுறையாவது விளக்க வேண்டும். குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாமலே 180 நாள் வரை காவலை நீட்டிக்க அது இடம் தருகிறது. போலீசார் தந்த ஏடுகளைப் படித்துப் பார்த்து, குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை என்று நம்ப இடமிருப்பதாக நீதிபதிக்குத் தோன்றினால் ஜாமீன் தரக் கூடாது. அதாவது சந்தேகம் என்பதே போதுமான காரணமாகிவிடுகிறது. வழக்கு நடக்கும் காலமே தண்டனைக் காலமாகிவிடுகிறது.

எங்கள் ஊர் வழக்கிலேயே அதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கேரள அரசியல் தலைவர் அப்துல் நாசர் மதானி 1998-இல் கைதாகி, ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் விசாரணைக் கைதியாகவே இருந்து, 2007 ஆகஸ்ட் 1-ஆம் நாள் குற்றவாளி அல்ல என்று தனி நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். அவருடைய அரசியலோடு எனக்கு உடன்பாடு கிடையாது, அவருடைய பழைய மேடைப் பேச்சுகளை நான் நியாயப்படுத்த மாட்டேன், பின்னர் தொடரப்பட்ட பெங்களூரு வழக்கைப் பற்றியும் இங்கே எதுவும் சொல்ல வரவில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: கோவை வழக்கில் அவர் கழித்த அந்த ஒன்பது ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு? நமக்குப் பிடிக்காதவர் என்பதால் இந்தக் கேள்வி இல்லாமல் போய்விடாது.

குஜராத்தில் உள்ள அட்சர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில் ஆறு பேரையும் உச்சநீதிமன்றம் விடுவித்தது. அவர்களில் மூவருக்குத் தூக்குத் தண்டனை உறுதி செய்யப்பட்டிருந்தது. அந்தத் தீர்ப்பு வந்த நாள் 2014 மே 16. நாடாளுமன்றத் தேர்தல் முடிவுகள் வெளிவந்த நாள். மறுநாள் செய்தித்தாள்களில் அந்த ஆறு பேருக்கு எவ்வளவு இடம் கிடைத்திருக்கும் என்பதைத் தாங்களே அறிவீர்கள். தேர்தல் முடிவைத் தள்ளிவைக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு அடுத்த நாளோ அடுத்த வாரமோ எழுதியிருக்கலாம் அல்லவா?

2025-இல் அந்தச் சாக்கும் இருக்கவில்லை. 2006 ஜூலை 11-இல் மும்பை புறநகர் ரயில்களில் ஏழு குண்டுகள் வெடித்து 180-க்கும் மேற்பட்டோர் இறந்த வழக்கில், 2015-இல் ஐவருக்குத் தூக்கும் எழுவருக்கு ஆயுளும் விதிக்கப்பட்டிருந்தன. 2025 ஜூலை 21-ஆம் நாள் மும்பை உயர்நீதிமன்றம் அந்தப் பன்னிரண்டு பேரையும் விடுவித்தது. அவர்களில் ஒருவர் சிறையிலேயே இறந்துபோயிருந்தார். இந்தத் தீர்ப்பைப் பிற வழக்குகளில் முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்று மூன்றாம் நாள் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது என்பதையும், வெளியே வந்தவர்கள் சிறைக்குத் திரும்ப வேண்டியதில்லை என்று சொன்னதையும் சேர்த்தே குறிப்பிடுகிறேன். மேல்முறையீடு அப்போது நிலுவையில் இருந்தது. தங்கள் நாளிதழில் அந்த விடுதலைச் செய்தி ஒன்பதாம் பக்கத்தில், இரண்டு பத்தியில் வந்தது. குண்டு வெடித்த ஆண்டில் இதே நாளிதழில் கைதுகள் முதல் பக்கத்தில் வந்ததை நான் மறக்கவில்லை.

அட்சர்தாம் வழக்கிலும் மும்பை வழக்கிலும் ஒரு பொது அம்சம் உண்டு. இரண்டிலும் போலீஸ் அதிகாரியிடம் தந்ததாகச் சொல்லப்பட்ட ஒப்புதல் வாக்குமூலங்கள் முக்கிய அடிப்படையாக இருந்தன. இரண்டிலும் மேல்நீதிமன்றம் அவற்றை நம்பவில்லை. சாதாரணச் சட்டத்தில் போலீசாரிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமே அல்ல. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 25-ஆம் பிரிவு அதைச் சொன்னது, இப்போதைய புதிய சட்டத்திலும் அது அப்படியே இருக்கிறது. தடா, பொடா, மகாராஷ்டிரத்தின் மோக்கா போன்ற சிறப்புச் சட்டங்கள்தான் அதற்கு விலக்குத் தந்தன. ஆங்கிலேயன்கூடப் போலீசாரை நம்பாமல் வைத்த ஒரு பாதுகாப்பு அது. நம் செய்தித்தாள்களோ, எந்தச் சிறப்புச் சட்டமும் இல்லாமலே, ‘போலீஸ் விசாரணையில் ஒப்புக்கொண்டான்’ என்று ஒவ்வொரு நாளும் எழுதுகின்றன. நீதிமன்றம் படிக்கக்கூட மறுக்கும் ஒன்றை ஊர் முழுவதும் காலைக் காப்பியோடு படித்துவிடுகிறது.

குண்டுவெடிப்பில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் பக்கம் நின்று பேசுவதாக நினைத்துக்கொண்டு, சந்தேகத்துக்கு உள்ளானவர்களைப் பற்றிப் பேசுவதே தவறு என்று சொல்கிற நல்லவர்கள் பலரை நான் அறிவேன். அவர்களிடம் நான் மும்பையைத்தான் காட்டுவேன். பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, தங்கள் பிள்ளையைக் கொன்றது யார் என்று அந்தக் குடும்பங்களுக்கு இன்னும் உறுதியாகத் தெரியாது. தவறான ஆளைப் பிடித்து அடைத்த ஒவ்வொரு நாளும் உண்மையான ஆள் வெளியே நடமாடிய நாள். என் அலுவலக நண்பரின் வீட்டில் அன்று கேட்ட அழுகைக்குத் தையல்காரரின் பதினொரு நாள் எந்த வகையிலும் ஆறுதலாகவில்லை.

பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018 ஆகஸ்டில் தன் 277-ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. அதன்பின் ஏழு ஆண்டுகள் கழிந்தும் அப்படி ஒரு சட்டம் வரவில்லை. அது நாடாளுமன்றத்தின் வேலை, தங்களால் ஆவதல்ல. தங்களால் ஆவதைத்தான் கேட்கிறேன்.

ஒருவர் கைதான செய்தி எந்தப் பக்கத்தில் வந்ததோ, அவர் விடுதலையான செய்தியும் அதே பக்கத்தில், ஏறக்குறைய அதே அளவில் வரட்டும். விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டு அனுப்பப்பட்டவர்களின் பெயரை ஒருமுறை வெளியிட்டிருந்தால், அவர்கள் அனுப்பப்பட்டார்கள் என்பதையும் வெளியிட வேண்டும். முடியாதென்றால் பெயரையே வெளியிட வேண்டாம். தெருப் பெயரும் வீட்டாரின் படமும் எந்த வாசகனுக்கும் தேவையில்லை; அந்த வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருப்பார்கள். போலீசார் சொல்வதைப் போலீசார் சொல்வதாகவே, முதல் நாள் மட்டுமல்லாமல் தொண்ணூறாம் நாளிலும் எழுதுங்கள். கூடவே, தீர்ப்பு வரும்வரை அந்த ‘ர்’ இருக்கட்டும். கொடிய குற்றத்தில் பிடிபட்டவருக்கு மரியாதையா என்று தங்களுக்குக் கடிதங்கள் வரும் என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்கு, இது மரியாதை அல்ல, இன்னும் தீர்ப்பு எழுதவில்லை என்பதற்கான அடையாளம் என்று பதில் சொல்லலாம்.

அடுத்த முறை ‘பிறவி’யைப் பற்றித் தங்கள் இணைப்பில் எழுத நேர்ந்தால், பாசக் கதை என்பதோடு நிறுத்தாமல், அந்த மகன் ஏன் வரவில்லை என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். இன்று கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் ராஜன் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை.

எங்கள் தெருமுனைத் தையல்காரருக்கு இப்போது எழுபது வயதாகிறது. கண் பார்வை குறைந்துவிட்டதால் கடையை மகன் பார்த்துக்கொள்கிறார். அவர் பெயரை நான் இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. படித்துக் காட்டினால் அவருக்குப் புரியும். தாங்கள் இதை வெளியிட்டால், அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு போய் அவரிடம் கொடுக்க நினைத்திருக்கிறேன். அளவு நோட்டில், அந்தப் பழைய துண்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்றச் சிரஸ்தார்,
கோயம்புத்தூர்.